எந்த ஸ்லாட்டுக்குப் பணம் போடுவது?

2005 தீபாவளி போனஸில் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்க நினைத்தவர்களை மதர்போர்டு கடையிலேயே தடுத்து நிறுத்தியது ஒரு கேள்வி: ஏஜிபியா, பிசிஐ எக்ஸ்பிரஸா?

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு, அந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை மதியம். மவுன்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பியதுமே வண்டிகள் நின்றுவிடுகின்றன. மானிட்டர் பெட்டிகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு வருபவர்கள் மட்டும் "சைடு, சைடு" என்று குரல் கொடுத்தபடி எப்படியோ போய்விடுகிறார்கள். மாடியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படிக்கட்டில் நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. கல்லூரி மாணவர் ஒருவர், பழைய தினத்தாளில் சுற்றிய பொருளைப் பைக்குள்ளிருந்து எடுத்து மேசைமேல் வைக்கிறார்.

"பேப்பர்ல சுத்தாத தம்பி, ஸ்டாட்டிக் அடிச்சா போச்சு" என்று கடிந்தபடியே பிரித்துப் பார்க்கிறார் கடைக்காரர். உள்ளே ஜீஃபோர்ஸ் 6600 ஜிடி. ஏஜிபி கார்டு.

"போர்டு போயிடுச்சு அண்ணா. இந்தக் கார்டு போற மாதிரி ஒரு போர்டு வேணும். கூடவே பென்டியம் டி ப்ராசஸர்."

"பென்டியம் டின்னா 945 போர்டு. அதுல இந்தக் கார்டு உட்காராது."

கூட வந்த அப்பாவுக்கு இது புரியவில்லை. "உட்காராதுன்னா? சித்திரையிலதானே வாங்கினோம்? கார்டுல ஏதாவது கோளாறா?"

"கார்டு நல்ல கார்டு சார். அது உட்கார்ற ஸ்லாட்டுதான் புது போர்டுல கிடையாது."

ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் இந்தப் பேச்சை அப்போது கடைக்குக் கடை கேட்க முடிந்தது. ஊர் ஊருக்கு அசெம்பிள் செய்து கொடுத்தவர்களிடமும் இதே கேள்விதான். கிராபிக்ஸ் கார்டு செருகும் ஸ்லாட் மாறிக்கொண்டிருந்தது. பழைய ஏஜிபி இன்னும் போகவில்லை, புதிய பிசிஐ எக்ஸ்பிரஸ் முழுதாக வந்து சேரவில்லை. அந்த நேரத்தில் போர்டு வாங்கியவர் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டியிருந்தது.

ஒன்பது ஆண்டு ஆட்சி

தொண்ணூறுகளின் நடுவில் கிராபிக்ஸ் கார்டும், நெட்வொர்க் கார்டு போன்றவையும் பிசிஐ என்ற ஒரே பாதையில்தான் தரவைக் கடத்தின. வினாடிக்கு 133 எம்பி; அதையும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே குழாயடியில் தெருவே குடம் வைத்துக் காத்திருக்கிற கதை. முப்பரிமாண விளையாட்டுகள் வந்ததும் இது போதவில்லை. கிராபிக்ஸுக்கு மட்டும் தனிப் பாதை ஒன்றை 1996ல் இன்டெல் வகுத்தது. அதுதான் ஏஜிபி. அடுத்த ஆண்டு 440எல்எக்ஸ் சிப்செட்டோடு அது கடைக்கு வந்தது.

ஏஜிபியும் கடைசிவரை ஒரே ஏஜிபியாக இருக்கவில்லை. 1எக்ஸில் தொடங்கி 2, 4, 8 என்று வேகம் ஏறியபோது மின்னழுத்தம் 3.3 வோல்ட்டிலிருந்து 1.5க்கு இறங்கியது. 1.5 வோல்ட் மட்டுமே தாங்கும் இன்டெல் 845 போர்டில் பழைய 3.3 வோல்ட் கார்டைச் செருகி, போர்டையே புகைய வைத்தவர்களை எந்த சர்வீஸ் மெக்கானிக்கைக் கேட்டாலும் நினைவுகூர்வார். தவறான கார்டு நுழையாமலிருக்கத்தான் ஸ்லாட்டில் தடுப்பும் கார்டில் வெட்டும் வைத்தார்கள். ஆனால் சில கார்டுகளில் அந்த வெட்டே ஒழுங்காக இல்லை.

புதிய பிசிஐ எக்ஸ்பிரஸில் எல்லோருக்கும் பொதுவான பாதை என்பதே கிடையாது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனித்தனி லேன்கள். அன்று ஒரு லேன், ஒரு திசையில் வினாடிக்கு 250 எம்பி கடத்தியது. அதே நேரத்தில் எதிர்த் திசையிலும் அதே அளவு கடத்தியது. கிராபிக்ஸ் கார்டுக்கு இப்படி 16 லேன்கள். 2004 ஜூனில் இன்டெலின் 915, 925எக்ஸ் சிப்செட்டுகள் இதைக் கொண்டுவந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான என்விடியாவின் என்ஃபோர்ஸ்4 அறிவிக்கப்பட்டது.

பெட்டிச் செய்தி: ஸ்லாட்டும் வேகமும்

பிசிஐ: வினாடிக்கு 133 எம்பி, எல்லாக் கார்டுகளுக்கும் சேர்த்து
ஏஜிபி 1எக்ஸ்: 266 எம்பி
ஏஜிபி 4எக்ஸ்: 1,066 எம்பி
ஏஜிபி 8எக்ஸ்: 2,133 எம்பி
பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 (2005ல்): ஒரு திசைக்கு 4,000 எம்பி
ஸ்லாட் வழியே கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம்: ஏஜிபியில் சுமார் 40 வாட், எக்ஸ்பிரஸ் எக்ஸ்16ல் 75 வாட்

அப்படியானால் கேம் இரண்டு மடங்கு ஓடுமா?

ஓடாது. கடைக்காரர் சொல்லத் தயங்கிய உண்மை இதுதான். ஒரே கிராபிக்ஸ் சிப்பை ஏஜிபி 8எக்ஸ் கார்டிலும் எக்ஸ்பிரஸ் கார்டிலும் போட்டு டூம் 3, ஹாஃப் லைஃப் 2 போன்ற கேம்களை ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் பெயரளவுக்குத்தான் இருந்தது. கேமுக்கு வேண்டிய படங்களையெல்லாம் கார்டு தன்னுடைய 128 அல்லது 256 எம்பி நினைவகத்திலேயே வைத்துக்கொண்டது. ஒரு முறை ஏற்றியபின் ஸ்லாட் வழியே போய்வரும் சுமை குறைவு. ஏஜிபி 8எக்ஸின் பாதையையே அன்றைய கேம்கள் நிரப்பவில்லை.

எக்ஸ்பிரஸின் வேகத்தை உண்மையில் பயன்படுத்திக்கொண்டவை, வேடிக்கையாக, மலிவான கார்டுகள்தான். என்விடியாவின் டர்போகேஷ், ஏடிஐயின் ஹைப்பர்மெமரி வகைக் கார்டுகளில் சொந்த நினைவகம் மிகக் குறைவு. மீதியை ஸ்லாட் வழியே கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து எடுத்துக்கொள்ளும். பெட்டிமேல் '128 எம்பி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஜீஃபோர்ஸ் 6200 டர்போகேஷைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே 16 அல்லது 32 எம்பிதான் இருக்கக்கூடும். 256 எம்பி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் இதைப் போட்டால், விண்டோஸ் எக்ஸ்பிக்கும் கேமுக்கும் கார்டுக்குமாக அந்த ரேம் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

வேகம் இல்லையென்றால் புதிய ஸ்லாட்டுக்கு ஏன் பணம் தர வேண்டும்? அன்றைய கார்டுக்காக அல்ல, அடுத்த கார்டுக்காக. 2005 ஜூனில் 599 டாலர் விலையில் வந்த ஜீஃபோர்ஸ் 7800 ஜிடிஎக்ஸ் எக்ஸ்பிரஸ் வடிவில் மட்டுமே வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஏடிஐ வெளியிட்ட எக்ஸ்1800 வரிசையும் அப்படியே. புதுத் தலைமுறை இனி எக்ஸ்பிரஸில்தான் பிறக்கும் என்பது முடிவாகிவிட்டிருந்தது. ஏஜிபிக்கு வந்தது மறு வெளியீடுதான். 6600 ஜிடியே அப்படி வந்ததுதான்: 2004 ஆகஸ்டில் எக்ஸ்பிரஸ் கார்டாக அறிமுகமாகி, நவம்பரில் ஒரு பாலச் சிப்பை நடுவில் வைத்து ஏஜிபிக்கு மாற்றப்பட்டது. ஏடிஐயும் இந்த வேலைக்கு ரியால்டோ என்ற சிப்பை வைத்திருந்தது. கூடுதல் சிப் என்றால் கூடுதல் செலவு. அதை ஏஜிபிகாரர்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ஸ்லாட் தனியாக வருவதில்லை

அன்று நம் வீடுகளில் கம்ப்யூட்டரை முழுதாக மாற்றியவர்கள் குறைவு. இந்த போனஸுக்கு போர்டும் ப்ராசஸரும், அடுத்த ஆண்டு ரேம், மகன் பாஸானால் கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் நிறைந்தால் இன்னொன்று. கேபினட் மட்டும் பத்து வருடம் உழைக்கும். பழையதில் பாதி புதியதோடு ஒத்துப்போகும் என்ற நம்பிக்கையில்தான் இந்த முறை இத்தனை காலம் நடந்தது. இந்த ஸ்லாட் மாற்றம் உடைத்தது அந்த நம்பிக்கையைத்தான்.

இன்டெல் 2004 ஜூனில் ஸ்லாட்டை மட்டும் மாற்றவில்லை. ப்ராசஸர் சாக்கெட் 478லிருந்து 775ஆனது. பின்கள் ப்ராசஸரிலிருந்து போர்டுக்கு இடம் மாறின. ஒரு பின் வளைந்தால் போவது இப்போது போர்டு. டிடிஆர்2 ரேம் வந்தது. கேபினட்டிலிருந்து வரும் மின் செருகி 20 முனையிலிருந்து 24 முனையானது. ஐடிஇ இணைப்பு இரண்டு இருந்த இடத்தில் ஒன்றுதான். அதில் இரண்டு சாதனங்களைத்தான் மாட்டலாம். பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒரு சிடி ரைட்டர், ஒரு டிவிடி டிரைவ் வைத்திருப்பவர் இரண்டைக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது புதிதாக சாட்டா டிஸ்க் வாங்க வேண்டும்.

ஆக, 'போர்டு மட்டும்' என்று கணக்குப் போட்டு வந்தவர் ப்ராசஸர், கார்டு, ரேம், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போனார். 915 போர்டுகளில் பழைய டிடிஆர் ரேமை ஏற்பவையும் உண்டு, டிடிஆர்2 மட்டும் ஏற்பவையும் உண்டு. 925எக்ஸ், 945 இரண்டிலும் டிடிஆர்2 மட்டும்தான். டிடிஆர்2 வந்த புதிதில் டிடிஆர்400ஐவிடக் குறிப்பிடத்தக்க வேகம் எதையும் தரவில்லை என்பதை நினைத்தால், அந்தச் செலவு இன்னும் கசக்கும்.

முந்திக்கொண்டவர்கள் கதை இதைவிடப் பரிதாபம். 2004ல் விலையுயர்ந்த 925எக்ஸ் போர்டை, 'இனி ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை' என்று வாங்கியவர்கள் இருந்தார்கள். பதினோரு மாதம் கழித்து, 2005 மே மாதம் இன்டெல் இரட்டை மைய பென்டியம் டியைக் கொண்டுவந்தது. அதற்கு 945 அல்லது 955எக்ஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டது. சாக்கெட் அதே 775. ப்ராசஸர் கச்சிதமாகப் பொருந்தும், ஓடாது. ஏஜிபியை நம்பி ஏமாந்தவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எக்ஸ்பிரஸை நம்பி ஏமாந்தவர்கள் வாய்திறக்கவில்லை.

ஏஎம்டி பக்கம் அடி குறைவு. அத்லான் 64ல் ரேமைக் கையாளும் பகுதி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. சாக்கெட் 939ல் ஏஜிபி போர்டு வாங்கினாலும் எக்ஸ்பிரஸ் போர்டு வாங்கினாலும் அதே டிடிஆர் ரேம்தான். இரட்டை மைய எக்ஸ்2 ப்ராசஸரும், பயாஸைப் புதுப்பித்தால், பல 939 போர்டுகளில் ஓடிவிட்டது. ஸ்லாட் மாறினால் கார்டு மட்டும்தான் நஷ்டம். ஆனால் 2006ல் டிடிஆர்2க்காக ஏஎம்டியும் சாக்கெட்டை மாற்றியது. அங்கேயும் நிம்மதிக்குக் கெடு இருந்தது.

பெட்டிச் செய்தி: ஸ்லாட்டே இல்லாத போர்டு

'ஆன்போர்டு கிராபிக்ஸ் இருக்கு சார், பின்னாடி கார்டு போட்டுக்கலாம்' என்ற வாக்குறுதியை எல்லா போர்டும் காப்பாற்றாது. இன்டெலின் மலிவுவிலை சிப்செட்டுகளான 845ஜிவி, 865ஜிவி இரண்டிலும் ஏஜிபி வசதி கிடையாது. 910ஜிஎல், 915ஜிவி இரண்டிலும் கிராபிக்ஸுக்கான எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 வசதி கிடையாது. 865ஜி, 915ஜி என்றால் உண்டு. ஒரே ஒரு 'வி'தான் வித்தியாசம்.

இரண்டு ஸ்லாட் ஆசை

சந்தையில் ஒரு குழப்பம் என்றால் அதைத் தீர்க்க ஒரு பொருளும் வந்துவிடும். ஒரே போர்டில் ஏஜிபியும் எக்ஸ்பிரஸும்! கேட்கவே இனித்தது. ஆனால் இவற்றில் பலவற்றை நம்ப முடியவில்லை.

915 சிப்செட்டில் ஏஜிபி இல்லை. ஆனாலும் ஈசிஎஸ் நிறுவனத்தின் 915பி-ஏ போர்டில் 'ஏஜிபி எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் ஒரு ஏஜிபி ஸ்லாட் இருந்தது. பெயரில் எக்ஸ்பிரஸ் இருந்தாலும் ஓடுவது பாசஞ்சர் வண்டி. அந்த ஸ்லாட் உள்ளே இணைந்திருப்பது பழைய பிசிஐ பாதையில். 8எக்ஸ் கார்டைச் செருகினால் உட்காரும், படமும் வரும். ஆனால் 2,133 எம்பிக்குப் பழகிய கார்டுக்கு அதில் எட்டில் ஒரு பங்குகூட ஒழுங்காகக் கிடைக்காது. எல்லாக் கார்டும் அதில் வேலை செய்வதும் இல்லை. எம்எஸ்ஐ, பயோஸ்டார் போன்றவையும் வேறு பெயர்களில் இதே வித்தையைச் செய்தன. வாங்கிய கார்டு வீணாகாமல் இரண்டு மாதம் ஓட்ட உதவும். அதற்குமேல் இதை ஏஜிபி என்று அழைப்பது அநியாயம்.

நேர்மையாக இரண்டையும் தந்தது அஸ்ராக் நிறுவனத்தின் 939டூயல்-சாட்டா2. யூஎல்ஐ சிப்செட்டில் எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஒரு சிப்பிலிருந்தும், முழு வேக ஏஜிபி 8எக்ஸ் இன்னொரு சிப்பிலிருந்தும் வருகின்றன. எதுவும் போலியில்லை. பழைய டிடிஆர் ரேம் போதும். ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டுக்காகத் துணைப் பலகை ஒன்றைச் செருகிக்கொள்ளவும் ஓரிடம் விட்டிருந்தார்கள். விலையிலும் இது பகட்டான போர்டு அல்ல. கடையில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்த ஒன்று. கேட்காமல் யாரும் எடுத்து நீட்டவில்லை. தொடக்கத்தில் பார்த்த அப்பாவும் மகனும் இன்டெல் ஆசையை விட்டிருந்தால், இருந்த 6600 ஜிடியை இதில் மாட்டி இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டியிருக்கலாம்.

யாரும் பார்க்காத எஸ்எம்பிஎஸ்

கேபினட்டோடு இலவசம்போல வருவதால் எஸ்எம்பிஎஸ்ஸை யாரும் மதிப்பதில்லை. '450 வாட்' என்று ஒட்டியிருந்தால் போதும் என்று திருப்தியடைகிறோம். கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி பொய் தெரிந்துவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ் கனக்கும்.

இந்த இடத்தில் எக்ஸ்பிரஸுக்கு ஒரு மெய்யான நன்மை இருக்கிறது. ஸ்லாட்டே 75 வாட் தருவதால் நடுத்தரக் கார்டுகளுக்குத் தனி மின்கம்பி வேண்டாம். எக்ஸ்பிரஸ் 6600 ஜிடியை அப்படியே செருகினால் ஓடும். அதே கார்டின் ஏஜிபி வடிவத்துக்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் நான்கு முனைக் கம்பி ஒன்றைத் தனியாக மாட்ட வேண்டும். 7800 ஜிடிஎக்ஸ் போன்ற பெரிய கார்டுகளுக்கு எக்ஸ்பிரஸிலும் ஆறு முனைக் கம்பி தேவை.

24 முனை போர்டில் பழைய 20 முனை செருகியை மாட்டினாலும் பெரும்பாலும் ஆன் ஆகிவிடும். சாதாரண வேலைக்கு ஓடும். சிக்கல் கேம் நடுவில் வரும்: திரை உறையும், கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். பழி கார்டுமேல் விழும், போர்டுமேல் விழும், விண்டோஸ்மேல்கூட விழும். கோடையில் மின்சாரம் ஏறி இறங்கும் ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

இரண்டு கார்டுகளை ஒரே போர்டில் மாட்டும் எஸ்எல்ஐ பற்றி இரண்டு வரி: என்ஃபோர்ஸ்4 எஸ்எல்ஐ போர்டில் அது சாத்தியமாக இருந்தது. ஒரு கார்டுக்கே தவணை கட்டுகிற நாட்டில் இது மற்றவர் வாங்கி நாம் பார்க்க வேண்டிய பொருள்.

யாருக்கு எது?

2005 தீபாவளிக் கணக்கில், பிரவுசிங் சென்டர் நடத்தியவர்கள் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக்கும் மெயிலும்தான் வேலை என்றால் 865 போர்டும் கையிலிருந்த ஏஜிபி கார்டுகளும் தாராளம். ஒரே மாதிரி பத்து மெஷின் வைத்திருப்பவர்களுக்கு உதிரி கிடைப்பதுதான் முக்கியம். ஏஜிபியிலிருந்து விலகியவர்கள் தள்ளிவிடும் பழைய கார்டுகள் மலிவாகவே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடிந்தது.

கல்யாண வீடியோ எடிட் செய்தவர்கள் கிராபிக்ஸ் ஸ்லாட்டைவிட அதன் கீழே இருந்ததைப் பார்க்க வேண்டியிருந்தது. கேப்சர் கார்டு, டிவி ட்யூனர், சவுண்ட் கார்டு என்று அவர்கள் வைத்திருந்தவை பெரும்பாலும் பிசிஐ. புது போர்டுகளில் பிசிஐ ஸ்லாட்டுகள் குறைந்து, அந்த இடத்தில் எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 என்ற குட்டி ஸ்லாட்டுகள் வந்திருந்தன. அவற்றில் செருகக் கடைகளில் அன்று அநேகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. கார்டுகளை எண்ணிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பொறியியல் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்த பிள்ளைக்கு வாங்கியவர்கள்? சி புரோகிராமுக்கும் முதல் இரண்டு ஆண்டின் ஆட்டோகேட் படங்களுக்கும் ஆன்போர்டு கிராபிக்ஸ் போதுமாக இருந்தது. ஆனால் எக்ஸ்16 ஸ்லாட் உள்ள போர்டாக வாங்குவது நல்லதாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் கார்டு கேட்பான், கேட்பாள்; அப்போது கடையில் ஏஜிபியில் நல்லதாக எதுவும் மிஞ்சியிருக்காது என்பது அன்றைய என் கணிப்பு.

கேம்தான் உயிர், எல்லாமே புதிதாக வாங்கப்போகிறேன் என்றவருக்கு இரண்டாவது யோசனையே தேவைப்படவில்லை: 939 சாக்கெட், என்ஃபோர்ஸ்4, எக்ஸ்பிரஸ். அன்று புதிதாக ஏஜிபி போர்டும் ஏஜிபி கார்டும் சேர்த்து வாங்குவது மட்டும் எந்தக் கணக்கிலும் சரிவரவில்லை. கையில் நல்ல ஏஜிபி கார்டு ஏற்கெனவே இருந்தால்தான் அந்த ஸ்லாட்டுக்கு அர்த்தம். ஜீஃபோர்ஸ் 6800 வைத்திருந்தவர் ஒரு ஏஜிபி போர்டில் அதை முழுதாகத் தேய்த்துவிட்டு, பிறகு ஒரேயடியாக மாறியிருக்கலாம். அல்லது அந்தக் கார்டுக்கு மதிப்பு இருந்தபோதே, அந்தத் தீபாவளிக்குள் விற்றிருக்கலாம். பொங்கலுக்குள் விலை இறங்கிவிடும் என்றுதான் அப்போது தோன்றியது.

மைக்ரோசாஃப்ட் 2006ல் கொண்டுவரப்போவதாகச் சொல்லியிருந்த விண்டோஸ் விஸ்டாவைக் காட்டி எக்ஸ்பிரஸை விற்ற கடைகளும் உண்டு. விஸ்டாவின் கண்ணாடி ஜன்னல்களுக்குத் தேவைப்பட்டது டைரக்ட்எக்ஸ் 9 தெரிந்த கிராபிக்ஸ் சிப். அது எந்த ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விஸ்டா கேட்கவில்லை.

கடைசியாக, அன்று வாங்கப் போனவர்களுக்குச் சொன்னது: பில். 'இன்டெல் 915 போர்டு' என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். மாடல் எண்ணையும் சிப்செட்டின் முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். 915பி-யா, 915ஜி-யா, 915ஜிவி-யா என்பது தெளிவாக இருக்கட்டும். பெட்டியைக் கடையிலேயே திறந்து, நீளமான எக்ஸ்16 ஸ்லாட் இருக்கிறதா, எத்தனை பிசிஐ ஸ்லாட், ரேம் எந்த வகை, சாக்கெட்டில் பின் எதுவும் வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தீபாவளி நெரிசலில் கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது.